விளையாட்டுக் கருவியா, கணினியா? – ஒரு சிறு வரலாறு



சென்ற ஆண்டு, ஆண்டிறுதி மதிப்பீட்டுக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்த வேளையில் என் மடிக்கணினி பழுதாகிவிட்டது. ஆறாம் ஆண்டுத் தமிழ்மொழிச் சோதனைத்தாள் பாதியில் நின்றது. கோப்பின் படி பென்டிரைவில் இருந்தது. அதைத் திறக்கத்தான் கணினி இல்லை. நான் தவிப்பதைக் கண்ட அண்ணன் மகன், தன்னுடைய ‘ஸ்டீம் டெக்’ கருவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

“அத்தை, உங்கள் பழைய திரையையும் விசைப்பலகையையும் இதில் மாட்டுங்கள். இதுவும் கணினிதான்” என்றான்.

அந்தக் கருவியைத்தான் ‘படிப்பைக் கெடுக்க வந்த பேய்’ என்று குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் நான் பலமுறை ஏசியிருக்கிறேன்! அன்றிரவு சோதனைத்தாளை அதில்தான் எழுதி முடித்தேன். அடுத்த இரண்டு மாதங்கள், வார நாள்களில் அதுவே எனக்கு மேசைக் கணினி. அவன் சொன்னது எப்படி உண்மையாயிற்று என்று தேடிப் படித்தபோது, நாற்பது ஆண்டுக்கால வரலாறு ஒன்று விரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விசைப்பலகை பெற்ற விளையாட்டுப் பெட்டி

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. பெயரிலேயே கணினி இருந்தாலும், அதில் விளையாட மட்டுமே முடிந்தது. மறு ஆண்டு, 1984-இல், ‘ஃபேமிலி பேசிக்’ என்ற தொகுப்பு வந்தது. அதனுடன் ஒரு விசைப்பலகையும் கிடைத்தது. சிறுவர்கள் தாங்களே நிரல் எழுதி, அதை ஒலிநாடாவில் சேமிக்கலாம்.

சீனாவில் 1990-களின் முற்பகுதியில் சுபோர் என்ற நிறுவனம் இதே வகைப் பெட்டியை விசைப்பலகை வடிவில் செய்து, ‘கற்றல் பொறி’ என்று பெயரிட்டு விற்றது. நடிகர் ஜாக்கி சான் அதன் விளம்பரத்தில் தோன்றினார். பெற்றோர்கள் கல்விக்கென்று வாங்கினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடினார்கள். ஆயினும், தட்டச்சும் நிரலாக்கமும் முதன்முதலில் அதில் பழகியவர்களும் உண்டு.

திறந்த கதவும் அடைத்த கதவும்

சோனி நிறுவனம் 2002-இல் தன் ‘பிளேஸ்டேசன் 2’ கருவிக்கு லினக்ஸ் தொகுப்பு ஒன்றை விற்றது. விசைப்பலகை, சுட்டி, 40 ஜிகாபைட் வன்தட்டு ஆகியவை அதில் அடங்கியிருந்தன. 2006-இல் வந்த ‘பிளேஸ்டேசன் 3’ கருவியிலும் வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள வழியிருந்தது. ஆனால், 2010 ஏப்ரல் முதல் நாள் வெளியான மென்பொருள் புதுப்பிப்பு அந்த வசதியை நீக்கிவிட்டது. பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டது. புதுப்பிக்க மறுத்தவர்கள் இணையவழி விளையாட்டை இழந்தார்கள். அமெரிக்காவில் பயனர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

இந்நிகழ்வை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். பணம் கொடுத்து வாங்கி, வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த கணினி, ஒரே நாளில் விளையாட்டுப் பெட்டியாகச் சுருங்கியது. அதன் உள்ளுறுப்பு ஒன்றுகூட மாறவில்லை!

உள்ளங்கைக்கு வந்த கணினி

கையடக்கக் கருவிகளின் கதையும் இதே வழியில்தான் சென்றது. 1989-இல் வந்த ‘கேம்பாய்’ கருவியின் நினைவகம் வெறும் 8 கிலோபைட். அதில் கடிதம் எழுத நினைப்பதே வீண். தென்கொரியாவில் 2005-இல் வெளிவந்த ‘ஜிபி2எக்ஸ்’ லினக்ஸில் இயங்கியது. 2010-இல் வந்த ‘பண்டோரா’ கருவியில் லினக்ஸோடு சிறு விசைப்பலகையும் சேர்ந்தது. 2016-இல் ‘ஜிபிடி வின்’ வந்து, விண்டோஸ் 10 இயங்குதளத்தையே கைக்குள் கொணர்ந்தது.

2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக்கை வெளியிட்டது. அதன் நினைவகம் 16 ஜிகாபைட். அதாவது, கேம்பாயைப்போல் இருபது இலட்சம் மடங்குக்கும் மேல். அதன் இயங்குதளமும் லினக்ஸ்தான். மின்விசையை அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் ‘மேசைத்தளம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், விளையாட்டுத் திரை மறைந்து வழக்கமான கணினித் திரை தோன்றுகிறது. ஒரே யுஎஸ்பி-சி துளைவழி மின்சாரம், திரைக்காட்சி, விசைப்பலகை, சுட்டி எல்லாம் இணைகின்றன.

என் பட்டறிவு

முதலில் இணைப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். 7 அங்குலத் திரையில் தமிழ் எழுத்துகளைப் படிப்பது கண்ணுக்குக் கேடு. ஆகவே பெரிய திரை கட்டாயம். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தேன். லிப்ரே ஆபிஸ் மென்பொருளை இலவசமாக நிறுவிக்கொண்டேன். பழைய கோப்பில் அட்டவணைகள் சற்றுக் குலைந்தன. சீர்செய்ய ஒரு மணி நேரமாயிற்று. அச்சிடுவதற்கு மட்டும் பிடிஎஃப் ஆக்கிப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன்.

ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். இதன் இயங்குதளத்தின் மூலக்கோப்புகள் பூட்டப்பட்டே இருக்கும். பூட்டைத் திறந்து நாம் செய்யும் மாற்றங்கள் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடக்கூடும். எழுதுவது, படிப்பது, இணையத்தில் தேடுவது போன்ற அன்றாடப் பணிகளுக்கு இது ஒரு தடையன்று.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அப்பாவின் கைப்பேசிக்காக இரவுவரை காத்திருந்து வீட்டுப்பாடம் செய்தார்கள். கணினி என்றால் இன்னதுதான் என்று எனக்கிருந்த குறுகிய எண்ணத்தை இப்போது நினைத்து வருந்துகிறேன். பிள்ளைகளிடம் அன்று வேறு என்ன கருவிகள் இருந்தன என்று நான் கேட்கவேயில்லை.

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவி வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டுக்கு நேரவரம்பு தேவை என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால், ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருந்தால், அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டும் முன்னர், “இதில் வேறு என்ன செய்யலாம்?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். புதிதாக வாங்குவோர், அது விளையாட மட்டும் இடந்தருமா, எழுதவும் இடந்தருமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

புதிய மடிக்கணினி வந்ததும் அண்ணன் மகனிடம் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். தமிழ்99 அமைப்பை நீக்கட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும் அத்தை, நானும் பழகிக்கொள்கிறேன்” என்றான்.

அவனை ஏசியதற்காக அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.