இருபதிலிருந்து நாற்பது வரை: கல்லூரிகளில் இணையவழிப் பாட விதிகள் வளர்ந்த கதை

2016 ஜூலை 19 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒரு விதித்தொகுப்பு இந்திய அரசிதழில் வெளியானது. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு மாணவர் படித்துத் தேறிய பாடத்துக்கு அவருடைய கல்லூரி கிரெடிட் வழங்கலாம் என்று அது வழி திறந்தது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வாறு எடுக்கலாம் என்பது அன்றைய வரம்பு. ஐந்தாண்டு நிறைவதற்குள், 2021 மார்ச்சில், அந்த வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த உயர்வுக்கு முன்னும் பின்னும் வந்த விதிகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. யார் நடத்தலாம், எவ்வளவு நடத்தலாம், தேர்வை எப்படி வைக்கலாம் என்ற கேள்விகளுக்கு மத்திய அமைப்புகள் திரும்பத் திரும்ப விடை எழுதியிருக்கின்றன. மாணவர் சேர்ந்திருக்கும் கல்லூரிக்குள் இது எப்படி நடக்க வேண்டும் என்பதை எழுத வேண்டிய இடம் கல்லூரியின் சொந்த விதிநூல். பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் எழுதப்படாமல் கிடக்கிறது.

தபாலில் வந்த பாடம்

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஏற்று 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதே வழிக்கு வந்தன. அச்சிட்ட பாடங்கள் கட்டாக வீட்டுக்கு வரும். விடுமுறை நாட்களில் ஏதாவதொரு கல்லூரியில் தொடர்பு வகுப்பு நடக்கும். ஆண்டு முடிவில் மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. 'தபாலில் படித்தவர்' என்று அவர்களை ஒரு படி கீழே வைத்துப் பேசிய காலமும் உண்டு. அந்தப் பார்வை பின்னால் வந்த விதிகளுக்குள்ளும் புகுந்துகொண்டது. தொலைவிலிருந்து படித்தவரை நம்பாதே, தேர்வை இறுக்கிப் பிடி என்பதே அவற்றின் அடிநாதம்.

1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சட்டம் மூலம் உருவானது. அதற்குள்ளேயே 1991இல் தொலைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. தானே படிப்புகளை நடத்தும் ஒரு பல்கலைக்கழகம் பிற பல்கலைக்கழகங்களின் படிப்புகளை நெறிப்படுத்துவது முறையல்ல என்ற குறை தொடக்கம் முதலே இருந்தது. 2013இல் அந்த அதிகாரம் பல்கலைக்கழக மானியக் குழுவின் கைக்கு வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் மானியக் குழுவின் கல்லூரிப் பாட நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. பார்த்த மாணவருக்கு மதிப்பெண்ணோ சான்றிதழோ இல்லாததால் அதற்கு விதியும் தேவைப்படவில்லை.

கிண்டி வளாகத்திலிருந்து

மாற்றம் வந்தது சென்னை ஐஐடியிலிருந்து. 1999இல் பேராசிரியர் எம்.எஸ். அனந்த் முன்னெடுத்த யோசனை, 2003இல் மத்திய அரசின் நிதியுடன் என்பிடெல் திட்டமாக உருப்பெற்றது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து பொறியியல் பாடங்களை வீடியோவாகவும் எழுத்தாகவும் தயாரித்தன. நல்ல ஆசிரியர் கிடைக்காத கல்லூரிகளுக்கு ஐஐடி வகுப்பறையை எட்டச் செய்வதே நோக்கம். பத்தாண்டு காலம் அது ஒரு நூலகமாகவே இருந்தது. வேண்டியவர் பார்த்தார், பார்த்ததற்குக் கணக்கு இல்லை. 2014இல் வாராந்தர அசைன்மென்ட்டும் நேரடித் தேர்வும் சேர்ந்த சான்றிதழ்ப் பாடங்கள் தொடங்கியபோதுதான் இது கல்லூரித் தேர்வுப் பிரிவின் கதவைத் தட்டியது. ஐஐடி தரும் மதிப்பெண்ணை எங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏற்றலாமா என்ற கேள்விக்குத்தான் 2016 விதிகள் விடை தந்தன. என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் தளத்தைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தது 2017 ஜூலை 9 அன்று. தளம் திறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே விதி வந்துவிட்டது.

விதியும் புதன்கிழமை இரவும்

2016 விதிகள் நன்றாக யோசித்து எழுதப்பட்டவை என்றே சொல்வேன். வீடியோ, எழுத்துப் பாடம், விவாதப் பகுதி, மதிப்பீடு என நான்கு பகுதிகளும் ஒவ்வொரு பாடத்திலும் இருக்க வேண்டும் என்றன. ஸ்வயம் மூலம் பெற்ற கிரெடிட்டை எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கக் கூடாது என்றன. கல்லூரி ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்து, ஆய்வகம், கணினி, நூலக வசதிகளைத் தர வேண்டும் என்றன. அடுத்த செமஸ்டருக்கான பாடப் பட்டியல் ஜூன் 1, நவம்பர் 1 ஆகிய நாட்களில் வெளியாகும். நான்கு வாரத்துக்குள் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று நாள் கணக்கும் குறித்தன.

சிக்கல் அந்த நாள் கணக்கிலேயே தொடங்குகிறது. கல்விக் குழு ஆண்டுக்கு ஓரிரு முறை கூடும் அமைப்பு. ஜூனில் கோடை விடுமுறை முடிந்து கல்லூரி அப்போதுதான் திறந்திருக்கும். பட்டியலைப் பார்த்து, எந்தப் பாடம் நம் பாடத்திட்டத்தின் எந்தத் தாளுக்கு ஈடு என்று துறைத் தலைவர்கள் எழுதி, பாடத்திட்டக் குழு ஒப்புக்கொண்டு மேலே அனுப்புவதற்குள் அந்த நான்கு வாரம் ஓடிவிடும். முன்கூட்டியே இசைவுப் பட்டியல் வைத்திருக்கும் கல்லூரிகள் தப்பித்தன. மற்றவற்றில் மாணவர் முதலில் பாடத்தில் சேர்ந்துவிட்டு, பிறகு கிரெடிட் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி விடுதி ஒன்றுக்குப் புதன்கிழமை இரவு போய்ப் பாருங்கள். என்பிடெல் அசைன்மென்ட்டுகளுக்குப் பெரும்பாலும் அன்றிரவு 11.59 தான் கெடு. பதினொரு மணிக்கு மேல் அறைக்கு அறை லேப்டாப் திறந்திருக்கும். ஒருவர் போட்ட விடை வாட்ஸாப்பில் ஊர் சுற்றும். 'ஸ்பாக்' என்று அழைக்கப்படும் பொறுப்பாசிரியர் தம் வீட்டிலிருந்து, "இன்னும் பன்னிரண்டு பேர் சமர்ப்பிக்கவில்லை" என்று குழுவில் செய்தி போடுவார். பகலில் அவருக்கு வழக்கமான வகுப்புகள் உண்டு. இந்தப் பொறுப்பு பல கல்லூரிகளில் கால அட்டவணையில் ஏறாத கூடுதல் வேலை.

மதிப்பெண் கணக்கையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10ம் பின்னதில் 30ம் வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு 3 கிரெடிட், எட்டு வாரத்துக்கு 2, நான்கு வாரத்துக்கு 1. பாடத்தில் சேரக் கட்டணமில்லை. தேர்வுக்கு நெடுங்காலம் 1000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி. இத்தனையும் தெளிவாக இருக்கிறது. ஆனால் கல்லூரியின் அகமதிப்பீடு வேறு விகிதத்தில் இருந்தால் எப்படி மாற்றுவது? தேர்வு முடிவு வருவதற்குள் கல்லூரியின் செமஸ்டர் முடிவு வெளியாகிவிட்டால் மதிப்பெண் பட்டியலில் அந்த இடத்தில் என்ன எழுதுவது? எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. ஒரு மாணவர் அந்தத் தேர்வில் தோற்றுவிட்டு, அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடமே தளத்தில் நடத்தப்படாவிட்டால், அவருடைய அரியருக்கு வழி என்ன? கல்லூரியின் சொந்த விதிநூலில் இதற்கு ஒரு வரி இல்லையென்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் மேசைமுன் மாணவர் கைகட்டி நிற்பதே மிச்சம்.

நீதிமன்றமும் பெருந்தொற்றும்

2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, விதி எழுதுவோரின் அச்சத்தைக் கூட்டியது. உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பற்றிய வழக்கு அது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் மறுதேர்வு வரை நிறுத்தி வைக்கப்பட்டன. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாதவையாயின. நிறுவனம் செய்த தவறுக்குப் படித்தவர் விலை கொடுத்தார். அடுத்த ஆண்டே முழுப் பட்டத்தையும் இணையவழியில் நடத்துவதற்கான விதிகள் வந்தன. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு அதில் இடமில்லை. தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் 3.26 புள்ளி போன்ற உயர்ந்த தகுதிகளும் வைக்கப்பட்டன. 2020 செப்டம்பரில் தொலைநிலை, இணையவழி இரண்டுக்கும் ஒரே விதித்தொகுப்பு வந்தது. அதே ஆண்டு சென்னை ஐஐடி தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடம் இணையத்தில் நடந்தாலும் தேர்வு மையத்தில் நேரில்தான்.

அப்போது பெருந்தொற்று வந்திருந்தது. பாடத்தில் குறைந்தது 25 விழுக்காட்டை இணையவழியில் முடிக்கத் தயாராகுங்கள் என்று மானியக் குழு 2020 ஏப்ரலில் கல்லூரிகளிடம் சொன்னது. கை பழகாத ஆசிரியர்களும், வீட்டில் ஒரே ஒரு கைபேசி இருந்த மாணவர்களும் அதை எதிர்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச இணையம் அறிவித்தது. மாணவர் பக்கத்திலிருந்து பார்த்த நடவடிக்கை அது. விதித்தொகுப்புகளில் காணக் கிடைக்காதது. அந்த ஏப்ரல் வருமுன்னரே ஸ்வயம் வரம்பு 40 ஆகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் அகாதமிக் கிரெடிட் வங்கியும் வந்தது.

நாற்பது விழுக்காடு என்பது மேல்வரம்பு. ஒரு கல்லூரி ஐந்து விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆகவே தன்னாட்சிக் கல்லூரிகளின் கல்விக் குழு உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் விழுக்காட்டைக் கூட்டும் தீர்மானத்துக்கு முன், பொறுப்பாசிரியரின் வார நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் ஏற்றுங்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத மாணவருக்குக் கல்லூரி என்ன செய்யும் என்பதை எழுதுங்கள். தோற்ற பாடம் மறுபடி வராவிட்டால் கல்லூரியே தேர்வு நடத்தும் என்றும் எழுதி, மாணவர் சேரும் நாளிலேயே அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.