பேரியாழின் மறைவும் மீட்சியும்

பழந்தமிழர் போற்றிய இசைக் கருவிகளுள் தலைமை பெற்றது யாழ். பத்துப்பாட்டிலே இரண்டு நூல்கள் பாணரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சீறியாழ் இசைத்தோர் சிறுபாணர் எனவும், பேரியாழ் இசைத்தோர் பெரும்பாணர் எனவும் வழங்கப்பெற்றனர். ஈழத்தின் வடபால் யாழ்ப்பாணம் என்னும் பெயரும் அக்கருவியை இன்றளவும் நினைவூட்டுகின்றது. எனினும் பெயர் நிலைத்ததேயன்றி ஓசை நிலைக்கவில்லை.

யாழின் அமைப்பை முதலில் நோக்குவோம். அடியிலே குடைந்த பத்தர். அதன் வாயை மூடிய போர்வைத்தோல். பத்தரிலிருந்து வளைந்தெழும் கோடு. நரம்புகளைக் கோட்டுடன் இறுக்கும் திவவு. வீணையிலே ஒரு தந்தியின்மேல் விரலை நகர்த்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. ஆதலின் நரம்பின் தொகையே இசையின் எல்லையாயிற்று. சிலப்பதிகார உரை காட்டும் கணக்கின்படி செங்கோட்டியாழுக்கு 7, சகோடயாழுக்கு 14, மகரயாழுக்கு 19, பேரியாழுக்கு 21 நரம்புகள். ஏழிசை மும்மடங்காயின் 21 ஆகும். மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களுக்கும் இது போதும்.

ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் உடைய நரம்பின் நீளத்தை இருமடங்காக்கினால் ஓசை ஒரு தானம் தாழும். எனவே மெலிவுத் தானத்தின் ஆழ்ந்த ஓசையை விரும்புவோர் நீண்ட நரம்பையோ தடித்த நரம்பையோ கட்டுதல் வேண்டும். அதைத் தாங்கும் கோடும் பத்தரும் பெரியனவாதல் வேண்டும். அத்தகைய கருவியைச் சுமந்து ஊரூராய்ச் சென்ற பாணருக்குப் புரவலரின் ஆதரவே வாழ்வு. அவ்வாதரவு குன்றியபோது பாணர் மரபும் குன்றிற்று. ஒரு தந்தியிலே பல சுரங்களைத் தரும் வீணை யாழின் இடத்தைப் பெற்றது. தருமபுரத்திலே திருஞானசம்பந்தர் பாடிய பண் நரம்பில் அடங்காமையால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்க முற்பட்டார் என்று சேக்கிழார் கூறும் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மேனாட்டுப் பாஞ்சோவும் தோல் போர்த்த கருவியே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே தாழ்ந்த ஓசை தரும் பெரிய பாஞ்சோக்கள் செய்யப்பட்டன. பின்னர் அவை அருகி, 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் செய்யப்படலாயின. பழைய கருவிகள் எஞ்சியிருந்தமையால் அவற்றை அளந்து புதியன செய்ய இயன்றது. யாழுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. சங்ககாலத்து யாழ் ஒன்றேனும் நம் கைக்குக் கிடைத்திலது. எஞ்சியவை சிற்பங்களும் செய்யுட்களும் உரைகளுமே.

அச்சொற்களை 1892ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரப் பதிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டிலே மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் மயில்வாகனன் என்னும் குழந்தை பிறந்தது. கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்ற அவரே பின்னர்த் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் பணியேற்றார்.

அரங்கேற்று காதையின் இசைப் பகுதி புலவர்க்கும் விளங்காத புதிராய் இருந்தது. அதனை அடிகள் கணிதத்தால் அணுகினார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்னும் அலகுகள் கூடி 22 ஆகின்றன. குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று. அஃதாவது, இறுக்கம் மாறாதிருக்க, குரல் நரம்பின் மூன்றில் இரு பங்கு நீளம் இளியைத் தரும். இவ்வாறு கணக்கு முன்செல்லின், உரையிலுள்ள சொல் நரம்பின் அளவாக மாறுகின்றது. அழிந்த மரத்தைத் தேடாமல் அழியாத விகிதத்தைத் தேடியதே அடிகளின் சிறப்பு.

அவ்வாராய்ச்சியின் பயனாகிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறிற்று. அடிகள் ஆராய்ந்து அமைத்த முளரியாழ் முதலிய கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன, க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை இசைத்தார். ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19ஆம் நாள், அடிகள் கொழும்பில் மறைந்தார். கருவியை மீட்டவர் மறையவே, அதைத் தொடர்ந்து பயிலும் மாணவர் பரம்பரை உருவாகவில்லை.

மியன்மாரில் தோல் போர்த்த பத்தரும் வளைந்த கோடும் உடைய சௌங் என்னும் கருவி 16 நரம்புகளுடன் இன்றும் இசைக்கப்படுகின்றது. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு அங்கே கைப்பயிற்சி இடையறாது சென்றமையே காரணம். சென்னையிலே தருண் சேகர் என்னும் இளங் கலைஞர் அண்மை ஆண்டுகளில் யாழைச் செய்து, 2021இல் அதன் ஓசையுடன் பாடலொன்றையும் வெளியிட்டார். அளவு நூலில் உண்டு, மரமும் தோலும் கிடைக்கும், செய்வோரும் தோன்றியுள்ளனர். இனி வேண்டுவது அந்நரம்புகளில் நாள்தோறும் பண் பயிலும் விரல்களே.