பேச்சுக் குமிழில் யாருடைய தமிழ்?

தமிழில் சிறார் நூல்களின் வரலாறு பெரும்பாலும் இதழ்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது: எது எந்த ஆண்டில் தொடங்கியது, ஆசிரியர் யார், எப்போது நின்றது. அந்தப் பட்டியல் தேவையானதே. ஆனால் அதற்கு அடியில் மொழியின் வரலாறு ஒன்றும் கிடக்கிறது. சித்திரக்கதையில் ஒரு பாத்திரம் வாய் திறக்கும்போது, காமிக்ஸ் வாசகர்கள் பலூன் என்று சொல்லும் அந்தப் பேச்சுக் குமிழுக்குள் எந்தத் தமிழை எழுதுவது? எழுத்து வழக்கையா, பேச்சு வழக்கையா? பேச்சு வழக்கு எனில், எந்த ஊரின் பேச்சு?

சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959 இல் வகுத்துக் காட்டிய இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் நல்லதோர் எடுத்துக்காட்டு. எழுதும் தமிழும் பேசும் தமிழும் ஒலியிலும் விகுதியிலும் சொல்லிலும் விலகி நிற்கின்றன. தமிழ்ப் புனைகதை இதற்கு ஒரு வழி கண்டது. கதைசொல்லி எழுத்து வழக்கில் பேசுவார். பாத்திரங்கள் தத்தம் வழக்கில் பேசும். புதுமைப்பித்தனின் நெல்லைத் தமிழும் கி. ராஜநாராயணனின் கரிசல் தமிழும் அவ்வாறே அச்சேறின. சித்திரக்கதைக்கு அந்த வழி எளிதாக வாய்க்கவில்லை. அங்கே கதைசொல்லியின் இடத்தைப் படம் பிடித்துக்கொள்கிறது. எஞ்சுவது பெரும்பாலும் உரையாடல் மட்டுமே. உரையாடலைப் பேச்சு வழக்கில் எழுதினால், ஏறத்தாழ முழுநூலும் பேச்சு வழக்காகிவிடும்.

1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவுக்கு இச்சிக்கல் எழவில்லை. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய அவ்விதழில் ‘சங்கர்’ எனக் கையொப்பமிட்ட ஓவியரும் ‘சித்ரா’ எனக் கையொப்பமிட்டவரும் தீட்டிய படங்கள் கதைக்குத் துணை நின்றன. கதையைச் சொல்லும் பொறுப்பு உரைநடையிடம் இருந்தது. வேதாளமும் விக்கிரமனும் எழுத்துத் தமிழில் உரையாடியதை எவரும் செயற்கையாகக் கருதவில்லை. புராணக் கதையின் மொழி அதுவே என்று வாசகர் ஏற்றுக்கொண்டனர்.

சிவகாசியிலிருந்து 1972 இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது நிலைமை மாறியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962 இல் தோன்றிய ‘ஸ்டீல் க்ளா’ தொடரின் தமிழ் வடிவம் அது. ஆங்கிலத் தலைப்பு ஓர் உலோகக் கையை மட்டும் சுட்டுகிறது. தமிழ்த் தலைப்பு அந்தக் கைக்குரியவனைச் சுட்டுகிறது. அதுவும் ‘மாயாவி’ என்ற பழஞ்சொல்லால். மின்சாரம் பாய்ந்து உடல் மறையும் அறிவியல் கற்பனை, இந்திரசித்தின் மாயப்போரைக் கேட்டு வளர்ந்த வாசகனுக்கு அந்த ஒரு சொல்லால் அணுக்கமாயிற்று. பின்னாளில் ராணி காமிக்ஸ், லீ ஃபாக்கின் ஃபாண்டமை ‘முகமூடி வீரர் மாயாவி’ ஆக்கியபோதும் இதே சொல்லே கைகொடுத்தது.

பெயரில் இத்தனை உரிமை எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு, குமிழுக்குள் அடக்கமாக நடந்துகொண்டது. தொடக்ககால முத்து காமிக்ஸின் பாத்திரங்கள் பெரும்பாலும் எழுத்து வழக்கிலேயே பேசின. ஆங்கில உரையாடலின் அளவுக்கு வரையப்பட்ட குமிழில் தமிழின் ஒட்டுநிலைச் சொற்கள் எளிதில் அடங்கா. ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கு 11 எழுத்துகள். ‘செய்கிறேன்’ என்பதற்கு 5. நீண்ட துணைவினைகளை உதிர்த்துச் சிறு வாக்கியங்களாகவும் வியப்புக் குறிகளாகவும் அமைவதே அவ்விடத்துக்கு ஏற்ற நடை. அது எவர் வீட்டிலும் பேசப்படாத தமிழ். ஆனால் எழுத்துக்கூட்டத் தெரிந்த எந்த ஊர்க் குழந்தையும் படிக்கக்கூடிய தமிழ்.

ஒலிக்குறிப்புகளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ‘சலசல’, ‘கிடுகிடு’ போன்ற இரட்டைக்கிளவிகள் தொடரும் ஒலியையோ அசைவையோ காட்டுபவை. சித்திரக்கதைக்குத் தேவைப்பட்டது ஒரே கணத்தில் வெடிக்கும் ஒலி: டமால், படார், விர்ர்ர். வழக்கமான வாக்கியத்தில் இவை ‘டமாலென்று’, ‘படாரென’ என்று இடைச்சொல்லைத் துணைகொண்டே நுழையும். சித்திரக் கட்டத்தில் அந்த ‘என்று’ தேவையற்றதாயிற்று. ஒலிக்குறிப்பு வாக்கியத்திலிருந்து விடுபட்டுத் தானே ஒரு கூற்றாக நின்றது. தமிழ் இலக்கண ஆய்வு இன்னும் விரிவாகப் பேசவேண்டிய நிகழ்வு இது.

இவ்வரலாற்றில் கேரளத்துக்கும் பங்குண்டு. மலையாளத்தில் பூம்பாற்றை இதழை நடத்திய பைகோ நிறுவனம் 1984 இல் தமிழில் பூந்தளிரைத் தொடங்கியது. ஆசிரியர் வாண்டுமாமா என்னும் வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014). அனந்த் பையின் டிங்கிள் இதழ்ப் பாத்திரங்கள் பூந்தளிர் வழியாகத் தமிழுக்கு வந்தன. ஷிக்காரி ஷம்பு ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனார். காலியா என்ற காகம் ‘காக்கை காளி’ ஆனது. மூலப் பெயரின் ஷகர ஒத்திசைவைத் தமிழ் மோனையாக மாற்றிய திறம் கவனிக்கத்தக்கது. மலையாள வாசகரிடமோ அவர் ஷிக்காரி ஷம்புவாகவே நிலைபெற்றார். படம் ஒன்றே, தொப்பியும் மீசையும் ஒன்றே. எல்லையின் இருபுறமும் பெயர் வேறு.

அந்த எல்லையின் மேல் அமைந்த ஊர்களுள் ஒன்று காந்தலூர். மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகியவற்றோடு சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும் பகுதி அது. மதுரைப் பக்கத்திலிருந்து முன்னோர் குடியேறியதாக அம்மக்களின் வாய்மொழி மரபு கூறுகிறது. முதுவரும் மலைப்புலையரும் அதே மலைகளில் வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலமாகக் கேரளம் அமைந்தபோது தேவிகுளம் வட்டத்தோடு இப்பகுதியும் அதனுள் அடங்கியது. சந்தைக்கு உடுமலைப்பேட்டை, அலுவலகத்துக்கு மலையாளம் என்பது இங்குள்ள வாழ்க்கையின் அமைப்பு. தமிழ்வழிப் பள்ளிகள் வட்டத்தில் உண்டு. மலையாளமோ ஆங்கிலமோ வழியாகப் படிக்கும் தமிழ்க் குழந்தைகளும் உண்டு.

அப்படிப் படிக்கும் குழந்தைக்குத் தமிழ் வீட்டின் மொழி, கோயிலின் மொழி, திரைப்படத்தின் மொழி. எழுத்து வழக்கை அது சந்திக்கும் இடங்கள் மிகக் குறைவு. பாடநூல் இல்லாத நிலையில், கதைப்புத்தகமே அக்குழந்தைக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலான பாலம். முத்து காமிக்ஸின் ஊர்சாராத் தமிழ் இத்தகைய வாசகருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. சென்னைப் பேச்சோ கோவைப் பேச்சோ தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது: எந்தக் குழந்தையும் தன் வீட்டுப் பேச்சை அங்கே கண்டதில்லை.

இன்று காற்று வேறு திசையில் வீசுகிறது. 2012 இல் புதுப்பொலிவோடு மீண்டெழுந்த லயன், முத்து இதழ்களின் நகைச்சுவைத் தொடர்களில் பேச்சு வழக்கு தாராளமாகப் புழங்குகிறது. மர்ஜான் சத்ரபியின் பெர்சபோலிஸ், கோவை விடியல் பதிப்பகத்தின் வழி ‘ஈரான்’ எனத் தமிழில் வந்ததோடு, குமிழுக்குள் புரட்சியும் போரும் பேசப்படலாம் என்பது இங்கும் உறுதியானது. 1996 இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, ஒரே பக்கத்தில் இரு மொழிகளை அச்சிட்டுக் குழந்தைகளுக்கு இருமொழிப் படநூல்களை அளித்தது. ஆயினும் அந்த இணையில் ஆங்கிலம் ஒரு பக்கம் நிலையாக நிற்கிறது. மறுபக்கத்தில்தான் இந்திய மொழிகள் மாறிமாறி அமர்கின்றன. தமிழையும் மலையாளத்தையும் அருகருகே பழகும் குழந்தையின் இருமொழி அதுவன்று.

பேச்சு வழக்கு குமிழுக்குள் வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சில் வரும் ‘பேச்சுத் தமிழ்’ நடைமுறையில் திரைப்படமும் தொலைக்காட்சியும் பொதுவாக்கிய நகரத் தமிழாகவே அமைந்துவிடுகிறது. அது எழுத்து வழக்கின் பொதுமையைக் கைவிடுகிறது. வட்டார வழக்கின் உரிமையையும் தருவதில்லை. காந்தலூர்ச் சிறுமிக்கு அது எழுத்துத் தமிழைவிட அந்நியமானதாகவும் இருக்கக்கூடும். எழுத்துத் தமிழைக் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணமாவது அவளுக்கு உண்டு. தன் பேச்சே பிழையோ என்ற ஐயத்தை நகரப் பேச்சு அவளுள் விதைக்கிறது.

குழந்தை நூலின் மொழி குறித்து இனி எழும் விவாதம், எழுத்தா பேச்சா என்ற இருகூற்றோடு நின்றுவிடக் கூடாது. கதைப்பெட்டியில் பொதுத்தமிழும் குமிழுக்குள் அஞ்சுநாட்டுப் பேச்சுமாக ஒரு சித்திரக்கதை வருவதற்குத் தமிழ் இலக்கணத்தில் தடையேதும் இல்லை. புனைகதை அந்தப் பாதையை எப்போதோ போட்டுவிட்டது. வேண்டியது, எல்லையோரத்துப் பேச்சைக் கேட்டு எழுதுவோரும், அதை அச்சுக்குத் தகுந்த தமிழென்று ஏற்கும் பதிப்பாளருமே. மொழியியல் மாணவர் செய்யக்கூடிய களப்பணியும் இங்கேதான் தொடங்குகிறது.