முதுகெலும்பு முறிந்தவர்: மருத்துவ வரலாற்றில் ஒரு பார்வை

அரபு மொழியில் முள்ளெலும்புகளுக்கு ‘ஃபகார்’ என்று பெயர். நம்மிடையே ஏழையைக் குறிக்க வழங்கும் ‘ஃபகீர்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததாகும். முதுகெலும்பு முறிந்தவன் எழுந்து நிற்க இயலாதவன். வறுமையால் ஒடிந்தவனும் அத்தகையவனே என்று அரபு அகராதி ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளனர். முதுகெலும்பின் முறிவைக் கதியற்ற நிலையின் அடையாளமாக முன்னோர் கண்டனர் என்பதற்கு இச்சொல்லே சான்று.

பண்டைய மருத்துவர்களும் அவ்வாறே கருதினர். கி.மு. 1600 அளவில் எகிப்தில் படியெடுக்கப்பெற்று, இன்று எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என வழங்கும் சுவடியில் 48 நோயாளிகளின் நிலைகள் விவரிக்கப்படுகின்றன. கழுத்தெலும்பு பிசகிக் கைகால்கள் உணர்விழந்தவரின் நோய் மருத்துவம் செய்தற்குரியதன்று என அச்சுவடி தீர்ப்புரைக்கிறது. பின்வந்த கிரேக்கரோ வாளாவிருக்கவில்லை. ஹிப்போகிரட்டீஸின் வழியினர் நோயாளியைப் பலகையில் குப்புறக் கிடத்தி, இருபுறமும் கயிறு பூட்டி இழுத்து, துருத்திய எலும்பை அழுத்தி உள்ளே செலுத்த முயன்றனர்.

இக்கல்வி அரபு மொழிக்கு வந்தபோது அதனைச் செப்பனிட்டவர்களுள் தலையாயவர் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ ஆவார். கி.பி. 1013 அளவில் மறைந்த இவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகள் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. முள்ளெலும்பு விலகியவரை இழுத்துச் சீர்செய்யும் முறையை அதில் விவரித்த அவர், ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார். உறுப்புகள் அசைவற்று, மலமும் சிறுநீரும் தாமாகவே கழியும் நிலையிலுள்ளவர் பிழைப்பதரிது என்றும், அவரிடம் கைவைத்துப் பயனில்லை என்றும் கூறினார். தம் கை எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்த மருத்துவரின் சொல் அது. 12ஆம் நூற்றாண்டில் கிரமோனா ஊரினரான ஜெரார்டு தொலைதோவில் அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். 1465இல் அமாசியா நகர மருத்துவர் ஷரஃபுத்தீன் சபுன்சுஓக்லு அதனைத் தழுவித் துருக்கிய மொழியில் படங்களுடன் நூல் செய்தார்.

இவர்கள் அனைவரும் தம்மிடம் கொண்டுவரப்பட்ட நோயாளியைப் பற்றியே எழுதினர். விழுந்த இடத்திலிருந்து மருத்துவர்பால் அவரை எவ்வாறு கொண்டுவருவது என்னும் கேள்வி பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது. முதல் உலகப் போரில் தண்டுவடம் காயமுற்றோரில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். இத்தகையோரைக் குறித்த கால இடைவெளியில் புரட்டிப் படுக்கவைத்து அவர் காப்பாற்றினார். கதியற்றவர் எனக் கைவிடப்பட்டோர் பிழைத்து வாழலாயினர்.

அதன்பின் சாலை விபத்துகள் பெருகிய அமெரிக்காவில், விபத்துக் களத்திலேயே தண்டுவடத்தைக் காக்கும் முயற்சி தோன்றியது. 1968இல் ஃபாரிங்டன் என்னும் அறுவை மருத்துவர், நொறுங்கிய வாகனத்திலிருந்து காயமுற்றவரைக் கழுத்துப் பட்டை அணிவித்துப் பலகையின் துணையால் வெளியேற்றும் முறையை விளக்கி எழுதினார். வெளியே எடுப்பதற்கு அமைந்த அப்பலகை, நாளடைவில் மருத்துவமனை வரையிலும் நோயாளியைப் பிணித்துவைக்கும் கட்டாயமாயிற்று. ஐயம் சிறிதாயினும் கட்டு என்பதே விதி. அவ்விதியை எவரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

1998இல் வெளியான ஓர் ஆய்வு பலரை விழிக்கச் செய்தது. அக்காலத்தில் இவ்வாறு கட்டும் வழக்கமில்லாத கோலாலம்பூரில் சிகிச்சை பெற்ற 120 பேரையும், எல்லோரும் கட்டப்பட்டே கொண்டுவரப்பட்ட அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 334 பேரையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். நரம்புச் செயலிழப்பு கோலாலம்பூரில் குறைவாகவே காணப்பட்டது! தண்டுவடத்தைச் சிதைப்பது பெரும்பாலும் மோதலின் விசையே. பின்னர் மென்மையாகத் தூக்குவதால் விளையும் கேடு சிறிது என அவர்கள் கருதினர். இரு நாட்டுப் பழைய பதிவேடுகளை ஒப்பிட்ட இவ்வாய்வு ஒன்றே முடிந்த முடிபாகாது. ஆயினும் வன்பலகையால் வலியும் அழுத்தப் புண்ணும் உண்டாகும். இறுகக் கட்டினால் மூச்சுத் தடைப்படும். கட்டுவதில் அரிய நேரம் கழியும் என்பன வேறு ஆய்வுகளாலும் உறுதியாயின. 2018இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, ‘அசையாமற் கட்டுதல்’ என்பதற்கு மாறாக ‘அசைவைக் கட்டுப்படுத்துதல்’ என்னும் சொல்லையே ஏற்றது. குத்துக் காயமும் குண்டுக் காயமும் பட்டவருக்கு அதுவும் வேண்டியதில்லை என்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம், எப்படியும் தூக்கலாம் என்பதன்று. நெருப்பு, வெள்ளம், விரையும் வாகனம் போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றி, விழுந்தவரை இழுத்து உட்காரவைப்பதும், கைகால்களைப் பிடித்துத் தூக்கி வண்டியில் மடக்கிக் கிடத்துவதும் கூடா. மூச்சு வருகிறதா, குருதி பெருகுகிறதா என்பதையே முதலில் நோக்க வேண்டும். தலையை, இருந்த நிலையிலேயே இரு கைகளாலும் மெல்லத் தாங்கிக்கொண்டு, அசையாதிருக்குமாறு அவருக்கு ஆறுதல் கூறி, ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். கோணிய கழுத்தை வலிந்து நிமிர்த்தலாகாது.

கைவிட்ட காலமும் இருந்தது. இழுத்த காலமும் இருந்தது. இறுகக் கட்டிய காலமும் இருந்தது. மூன்றையும் கடந்து மருத்துவம் இன்று வந்தடைந்திருப்பது ஒரு நடுநிலை. பதற்றத்தில் ஓடிவரும் அன்பான கைகள் அந்நடுநிலையை அறிந்திருந்தால், முதுகெலும்பில் அடிபட்ட ஒருவர் மீண்டும் எழுந்து நடக்கும் வாய்ப்பு அவர் விழுந்த இடத்திலேயே பறிபோகாது.