குட்ஷெட்டும் பெட்டகமும்: மலைக்கு வந்தவர்கள் சாமானை எங்கே வைத்தார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள்.

கண்டிக்குப் போய் குட்ஷெட்டில் பஸ் ஏறாதவர் நமக்குள் குறைவு. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் முழிப்பார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. ரயிலில் வந்த சரக்கை இறக்கி வைக்கும் கொட்டகைக்குத்தான் ஆங்கிலத்தில் குட்ஷெட் என்று பெயர். கொட்டகையை எல்லோரும் மறந்துவிட்டோம், பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. ஓர் ஊரில் பொருள் எங்கே வைக்கப்பட்டது என்று தேடினால், அந்த ஊருக்கு யார் எப்படி வந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் வீடுகள் பூட்டப்படுகின்றன. பிள்ளைகள் கொழும்புக்கும் கடல் கடந்தும் போகிறார்கள். இன்னும் சிலர் நகரத்தை விட்டு மலைப்பக்கம் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்: இந்தச் சாமானையெல்லாம் எங்கே வைப்பது? அமெரிக்காவில் 1960களிலிருந்து இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. சின்னச் சின்ன அறைகளைக் கட்டி மாத வாடகைக்குக் கொடுப்பார்கள். அறை அவர்களுடையது, பூட்டும் சாவியும் நம்முடையது. இப்போது கொழும்பிலும் அந்த வசதி வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் மலைநாட்டில் நமது முன்னோருக்கு இந்தக் கேள்வி நானூறு வருடம் பழையது. அவர்கள் அதற்குக் கண்ட விடைதான் இந்த மண்ணில் நமக்கு இடம் தேடித் தந்தது.

முதல் குடிபெயர்வு

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டியை ஆண்டவர் செனரத் மன்னர். அவர் புகலிடம் கொடுத்தார். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று போர்த்துக்கேயர் எழுதிய வரலாற்றிலேயே குறிப்பு இருக்கிறது. மலைநாட்டுக்குள்ளும் பலர் வந்து சேர்ந்தார்கள்.

துரத்தப்பட்டு வருகிறவன் எதைக் கொண்டு வருவான்? தோளில் சுமக்கக்கூடியதைத்தான். காணி இல்லை, வீடு இல்லை. ஆனால் அவர்களிடம் இருந்த ஒன்று மலைநாட்டில் குறைவாக இருந்தது. கடற்கரை வழிகளும் அங்குள்ள வியாபாரமும் அவர்களுக்குத் தெரியும்.

மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகும் ஏலமும் விளையும். உப்பு விளையாது. உப்பும் கருவாடும் கடலிலிருந்துதான் வர வேண்டும். இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையே சாட்சி. அதில் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்த கண்டி இராச்சியம், புத்தளம், சிலாபம் பக்கத்து உப்பளங்களில் உப்பு எடுக்கும் உரிமையை மட்டும் விடாமல் கேட்டுப் பெற்றுக்கொண்டது. உப்பில்லாமல் அரசனும் சோறு தின்ன முடியாது.

தவளமும் மடிகேயும்

அந்த உப்பை மலைக்கு ஏற்றியது தவளம். மாட்டின் முதுகில் இரு பக்கமும் பொதி தொங்க, வரிசையாக மலையேறும் மாட்டுக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். சிங்களத்தில் தவலம. வண்டி போகும் பாதை அப்போது கிடையாது. 1660இலிருந்து 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், அரசன் வேண்டுமென்றே பாதைகளை ஒடுக்கமாக வைத்திருந்ததை எழுதியிருக்கிறார். எதிரி உள்ளே வரக்கூடாது என்பதற்காக. வழியில் முள் வேலிக் கடவத்தைகள், அவற்றில் காவல். அந்தக் கடவத்தைகளைத் தாண்டி மேலும் கீழும் போய் வர அனுமதி பெற்றவன், அரசன் நம்பிய ஆள்.

கண்டி அரசில் இந்தச் சுமை வேலைக்கென்றே ‘மடிகே பத்த’ என்றொரு திணைக்களம் இருந்தது. அதில் பெருமளவு வேலை செய்தவர்கள் முஸ்லிம்கள் என்பதைப் பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். காணியை அனுபவித்துக்கொண்டு அதற்குப் பதிலாக அரசுக்குச் செய்யும் சேவை இராஜகாரியம். நமது ஆட்களின் இராஜகாரியம் பொருளைச் சுமந்து, நனையாமல் குறையாமல் களஞ்சியத்தில் சேர்ப்பது. கலகெதரப் பக்கம் மடிகே, குருநாகல் பக்கம் மடிகே மிதியால என்ற ஊர்ப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அந்த மடிகேயும் இந்தத் தொழிலின் பெயர்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தவளக்காரன் சுமந்த பொதி முழுவதும் அவனுடையதல்ல. அரண்மனைக்குரியது, ஊராருக்குரியது. வழியில் இரவானால் அம்பலத்தில் இறக்கி வைப்பான். மழை வந்தால் உப்பு கரையும். ஒரு பொதி குறைந்தால் அடுத்த முறை யாரும் அவனிடம் பொருள் தரமாட்டார்கள். சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் அவனுக்கு ஊரில் இடம்.

நமது மார்க்கத்தில் இதற்குப் பெயர் அமானிதம். ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருட்களே அவர்களிடம் அமானிதமாக இருந்தன. ஊரை விட்டுப் போக வேண்டிய அந்த நேரத்திலும், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலி (ரழி) அவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் போனார்கள். ஊர் மாறுவதையும் பொருள் காப்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பாதையும் ரயிலும் கடை வீடும்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் கடுகண்ணாவை மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். 1832இல் இராஜகாரியமும் ஒழிக்கப்பட்டது. மாட்டு முதுகிலிருந்த சுமை மெல்ல மாட்டு வண்டிக்கு மாறியது. மேலிருந்து கோப்பி இறங்கியது. கீழிருந்து அரிசியும் துணியும் ஏறின. பிறகு ரயில் வந்தது. 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. ரயில் நின்ற இடங்களில் கடைத்தெரு வளர்ந்தது. மடிகேக்காரரின் பிள்ளைகளும், காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து வந்த கரையோரச் சோனகரும் அந்தத் தெருக்களில் கடை போட்டார்கள்.

பழைய கடைத்தெருவில் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் கட்டிடங்களைப் பாருங்கள். முன்னால் கடை, பின்னால் கிட்டங்கி, மேலே அல்லது ஒதுக்குப்புறமாக வீடு. கிட்டங்கி, கிடங்கு என்பவை நமது சொற்கள். ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ கூட தென்னிந்திய மொழிகளிலிருந்து மலாய் வழியாகப் போன சொல் என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. மலைக்குப் புதிதாக வருகிறவன் முதலில் சரக்கு வைக்க ஓர் இடம் தேடினான். குடும்பம் அதன் பின்தான் வந்தது. சரக்கு மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் நாம்.

கிட்டங்கியின் மறுபக்கம்

ஆனால் வரலாற்றை நமக்கு இனிப்பான பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடாது. பொருள் வைத்திருப்பவன் மேல் நம்பிக்கை வருவது போலச் சந்தேகமும் வரும். 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியது. சாமான் விலை ஏறியது. கடைக்காரன் பதுக்குகிறான், விலை கூட்டுகிறான் என்ற கோபம் பரவியது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வதந்தி என்பதை இங்கே தீர்க்க முடியாது. பதுக்கல் நமது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அமானிதம் வைக்கும் அறையும் பதுக்கல் அறையும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்தக் கோபத்தோடு கம்பளை பெரஹரா வழக்கின் கசப்பும் வேறு பல காரணங்களும் சேர்ந்துகொண்டன. 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் ஊர்வலம் போவது பற்றிய தகராறு கலவரமாக வெடித்தது. சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. அரசாங்கக் கணக்குப்படி 4000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமடைந்தன. மறுபக்கத்தில், ஆங்கிலேயர் கொண்டுவந்த இராணுவச் சட்டத்தின் கீழ் குற்றமற்ற சிங்கள மக்களும் உயிரிழந்தார்கள். ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் 1915 ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பக்கக் கண்ணீரையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கடையும் கிட்டங்கியும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், ஒரு தீ மூன்றையும் எடுத்துவிடும். பிறகு நட்டஈடு கேட்கப் போனால் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகமும் அந்தக் கூரைக்குள்தான் இருந்தது என்றால் எதைக் காட்டுவது? 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கம் கடைகள் எரிந்ததை நாமே பார்த்தோம். அந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை.

நம் கையில் இருப்பது

‘நீங்கள் எப்போது வந்தவர்கள்?’ என்று நம்மிடம் கேட்கிறார்கள். சிலர் அறியும் ஆசையில் கேட்பார்கள், சிலர் குத்துவதற்குக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் விடை ஒன்றுதான், அது கடதாசியில் இருக்க வேண்டும். கண்டி நீதிபதியாக இருந்த லோரி 1896இலும் 1898இலும் வெளியிட்ட மத்திய மாகாணக் கையேட்டில் ஊர் ஊராகத் தகவல் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களும் அவற்றின் காணிகளும் கூட அதில் வருகின்றன. அவரால் அதை எழுத முடிந்தது எப்படி? மக்கள் சன்னஸும் ஓலையும் உறுதியும் பாதுகாத்து வைத்திருந்து, வழக்கு வந்தபோது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வைத்திருந்தவர்களின் வரலாறு புத்தகத்தில் ஏறியது. தொலைத்தவர்களுக்கு வாய்க் கதைதான் மிச்சம்.

இப்போது நாம் வீடு மாறும்போது என்ன செய்கிறோம்? டீவியையும் பிரிட்ஜையும் போர்த்திக் கட்டி லொறியில் ஏற்றுகிறோம். மூத்தம்மாவின் பெட்டகத்தைப் பழஞ்சாமான்காரருக்குக் கொடுக்கிறோம். உள்ளே இருந்த கடதாசிகள் குப்பையோடு எரிகின்றன. அரபுத்தமிழில் எழுதிய பழைய கணக்கைக் குடும்பத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, அதனால் அது குப்பை. நமது கிட்டங்கியை அன்று எரித்தவர்கள் வேறு ஆட்கள். இன்று பெட்டகத்தை நாமே காலி செய்கிறோம்.

ஆகவே, வீடு மாறப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்:

பழைய உறுதி, கடுத்தம், கடைக் கணக்கு, கடிதம், போட்டோ, ரசீது எதையும் பார்க்காமல் எறிய வேண்டாம். வாசிக்கத் தெரியாத எழுத்து என்றால் இன்னும் கவனமாக வையுங்கள்.

நமது மலையில் ஈரம்தான் முதல் எதிரி. முன்னோர் உப்பையும் விதையையும் அடுப்புக்கு மேல் பரணில் வைத்ததும் ஈரத்துக்குப் பயந்துதான். கடதாசியைப் புகையில் வைக்க வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் முட்டாமல், சுவரோடு ஒட்டாமல், உயரத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்து பாருங்கள்.

பழைய கடதாசியை லெமினேட் பண்ண வேண்டாம். அது காப்பது போலத் தெரியும், ஆனால் பிறகு பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாகத் தெளிவாகப் போட்டோ எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாது என்பதுதான் 1915 சொல்லித் தந்த பாடம்.

போட்டோவின் பின்னால் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். வாப்பா, மூத்தப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

சோபாவையும் அலுமாரியையும் வாடகை அறையில் வைக்கலாம். காசு கொடுத்தால் திரும்ப வாங்கலாம். மற்றவர்களின் உப்பை ஒரு பிடி குறையாமல் மலையேற்றியவர்களின் பெயர், அவர்களது பிள்ளைகளான நம்மிடம் அமானிதமாக இருக்கிறது. அதைக் குறையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நமது கடமை.

உங்கள் வீட்டில் பழைய கடதாசி ஏதும் இருந்தால் கீழே சொல்லுங்கள். பொதுவில் படம் போட வேண்டாம், காணி விபரங்கள் இருக்கும். என்ன இருக்கிறது, எந்த வருடத்தது என்று மட்டும் எழுதுங்கள். நம் ஊர் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.