பீரங்கியை வார்த்தவர்கள்

1453 மே 29இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் வெற்றிகொள்ளப்பட்டது. இருபத்தொரு வயதுச் சுல்தான் இரண்டாம் முஹம்மதைப் போற்றும் நாம் ஓர்பானை நினைப்பது அரிது. இவர் ஹங்கேரியைச் சேர்ந்த கிறிஸ்தவ வார்ப்புக் கலைஞர். முதலில் இவர் தொழில் கேட்டுப் போனது பைசாந்தியப் பேரரசர் பதினோராம் கொன்ஸ்தாந்தீனிடம். வறண்டுபோன கஜானாவால் இவருக்குரிய ஊதியத்தை வழங்க முடியவில்லை. எனவே சுல்தானிடம் வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் இரும்புப் பட்டைகளை வளையங்களால் இறுக்கிப் பெரிய பீரங்கிகளைச் செய்தனர். மூட்டுகள் பிளந்து வெடிக்கும் அபாயம் அவற்றில் அதிகம். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தையோ மணி வார்ப்பது போல உருக்கி வார்க்கலாம். ஓர்பான் எதிர்னேயில் வார்த்த பெரும் பீரங்கியை நகரின் மதில்வரை இழுத்துவர 60 எருதுகள் தேவைப்பட்டனவாம்.

எனினும் பீரங்கி மட்டும் நகரை வென்றுவிடவில்லை. பெரும் பீரங்கி ஒரு நாளில் ஏழு தடவை அளவிலேயே சுட்டது. பகலில் இடிந்த மதிலை இரவில் மண்ணாலும் மரத்தாலும் நகரத்தார் அடைத்தனர். ஏப்ரல் 6இல் தொடங்கிய முற்றுகை ஏழு வாரங்களுக்கு மேல் நீண்டது. இறுதியில் காலாட்படையே உள்ளே புகுந்தது.

பதினொரு ஆண்டுகளின் பின், ஹிஜ்ரி 868 றஜப் மாதத்தில், முனீர் அலி என்பவர் மற்றொரு வெண்கலப் பீரங்கியை வார்த்தார். இரு துண்டுகளாகத் திருகிப் பொருத்தும் அதன் எடை ஏறத்தாழ 17 தொன். 1866இல் சுல்தான் அப்துல் அஸீஸ் அதனை விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்புச் செய்தார். அதன் வாயில் சுல்தானின் பெயரோடு முனீர் அலியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அரசர்களையே எழுதிப் பழகிய நமது வரலாற்றேடுகளில் அத்தகைய பெயர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.