வவுனியா புகையிரத நிலையம்: பாதை முடிந்த இடமும் தொடர்ந்த இடமும்

வவுனியா புகையிரத நிலையம் அதன் வரலாற்றின் பெரும்பகுதியில் வழியில் உள்ள ஒரு தரிப்பிடமாகவே இருந்தது. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் வடக்குக்கான கடைசித் தரிப்பிடமாகவும் அது இருந்திருக்கிறது. வன்னியில் இருந்து எழுதும் எனக்கு இந்த இரண்டாவது காலம்தான் முக்கியமாகப் படுகிறது. அதன் விளைவுகளை நாங்கள் இன்றும் புகையிரதக் கடவைகளில் சந்தித்துக்கொண்டிருக்கிறோம்.

இரு முனைகளிலிருந்து வந்த பாதை

வடபகுதிப் பாதை ஒரே பக்கமிருந்து போடப்பட்டதல்ல. தெற்கிலிருந்து வந்த பாதை 1894இல் குருநாகலையும், 1904 நவம்பர் 1 அன்று அநுராதபுரத்தையும் அடைந்தது. வடக்கில், துறைமுகப் பட்டினமான காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11 அன்றே திறக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அது பளைக்கு நீண்டது. நடுவில் காடும் குளங்களுமாகக் கிடந்த வன்னிதான் கடைசியாக இணைக்கப்பட்டது. 1905 ஓகஸ்ட் 1 அன்று முழுப் பாதையும் திறக்கப்பட்டபோது, கொழும்பு கோட்டையிலிருந்து புறப்பட்ட முதல் ரயில் 13 மணித்தியாலம் 20 நிமிடங்களில் காங்கேசன்துறையை அடைந்தது.

1956 ஏப்ரல் 23 அன்று யாழ்தேவி ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் இந்தப் பாதையை அண்டியே இருந்தன.

கடைசித் தரிப்பிடம்

1985 ஜனவரி 19 அன்று, படையினரும் பயணம் செய்த யாழ்தேவி முறிகண்டிப் பகுதியில் குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது வவுனியாவுக்கு அப்பால் சேவை நின்றுபோனது. சில காலங்களில் ரயில் வவுனியாவுக்கும் வராமல் தெற்கிலேயே திரும்பியது.

கடைசித் தரிப்பிடம் என்றால் பயணியின் பாதை அங்கே முடிந்துவிடும். வடக்கே போகிறவர்கள் வவுனியாவில் இறங்கி, பாஸ், சோதனைச் சாவடி, ஏ9 வீதி ஆகியவற்றை நம்ப வேண்டியிருந்தது. அந்த வீதியும் 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டது. இதற்கிடையில் வன்னியில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. மிஞ்சிய மண் அணை சனங்கள் நடக்கிற, சைக்கிள் ஓடுகிற பாதையானது.

மீண்டும் வடக்கே

போர் முடிந்தபின் 2009 ஜூன் 6 அன்று தாண்டிக்குளம் வரையும், 2011 மே 27 அன்று ஓமந்தை வரையும் ரயில் வந்தது. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றரையும், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றரையும் இந்தியாவின் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் புதிதாக அமைத்தது. 2013 செப்டெம்பர் 14 அன்று கிளிநொச்சிக்கும், 2014 மார்ச் 4 அன்று பளைக்கும், ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறைக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது.

வவுனியா மறுபடியும் வழித் தரிப்பிடமானது. ஆனால் வடக்குப் பாதை ஒற்றை வழி. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஏதாவதொரு நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். ஒன்று தாமதித்தால் மற்றதும் காத்திருக்கும். தெற்கில் வேலை நடந்தாலும் வன்னி துண்டிக்கப்படுகிறது. 2023 ஜனவரியிலிருந்து ஜூலை வரை அநுராதபுரம் – ஓமந்தைப் பகுதியும், 2024இல் மஹவ – அநுராதபுரம் பகுதியும் திருத்தத்துக்காக மூடப்பட்டபோது இதை நேரிலேயே கண்டோம்.

முல்லைத்தீவு நகருக்கு இன்றும் ரயில் இல்லை. மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாகவோ, பரந்தனில் இறங்கி புதுக்குடியிருப்பு வழியாகவோ பஸ்ஸில்தான் போக வேண்டும். பிந்தி வரும் ரயிலுக்காகப் பஸ் நிற்காது.

கடவைகளில் தெரியும் இடைவெளி

1990இலிருந்து 2013 வரை கிளிநொச்சிப் பக்கம் ரயில் ஓடவில்லை. இந்த 23 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ரயிலைப் படத்தில்தான் பார்த்தார்கள். மீளக்குடியேறிய ஊர்களின் ஒழுங்கைகளும் வயல்பாதைகளும் அந்த மண் அணையைக் குறுக்கே கடந்தே போயின. பிறகு அதே அணையில், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ரயில் ஓடக்கூடிய புதிய தண்டவாளம் வந்தது. அந்த வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டாலும் பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும்.

தானியங்கித் தடை இல்லாத கடவைகள் பலவற்றில், பொலிஸார் ஊடாக நியமிக்கப்பட்டவர்கள் சொற்ப நாட்கூலிக்குக் காவல் நிற்கிறார்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். 2019 செப்டெம்பரில் கிளிநொச்சியில் பாதுகாப்பற்ற கடவையொன்றில் இராணுவ வாகனத்துடன் ரயில் மோதி 5 படையினர் உயிரிழந்தனர். பொதுமக்கள் இறந்த சம்பவங்களும் வடக்குப் பாதையில் தொடர்கின்றன.

பாதை திரும்பி வந்ததை நாங்கள் எல்லோரும் வரவேற்றோம். ஆனால் தண்டவாளத்தைப் போட்டுவிட்டு அதைக் கடக்கும் ஒழுங்கையை மறந்துவிட்டால் வேலை பாதியில்தான் நிற்கிறது. வன்னியின் ஒவ்வொரு கடவைக்கும் தடையும் மணியும் வேண்டும். அவை வரும்வரை வெயிலிலும் மழையிலும் காவல் நிற்பவர்களுக்கு முறையான நியமனமும் சம்பளமும் கொடுக்கப்பட வேண்டும்.